உழைச்செல்வாரும் தலைமையும்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம், நோய்க்குரிய காரணத்தையும் உணவின் அளவையும் நோயை ஆராய்ந்து தீர்க்கும் முறையையும் எடுத்துக்கூறி, இறுதியில் மருத்துவத்தின் உறுப்புக்களைத் தொகுத்துரைத்து முடிகின்றது. நோயுற்றவன் ஒருவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, இவற்றோடு நோயாளனின் பக்கத்தே நின்று மருந்தை ஊட்டிப் பேணுபவன் ஒருவன். இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் துணிபு. நான்காம் உறுப்பாக வைக்கப்பட்டவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பதாகும். உழை என்பது பக்கம். நோயாளனின் பக்கத்தே நிற்பவன் ஆதலின் உழைச்செல்வான் ஆயினான். இன்று தாதி என்றும் தாதிய உத்தியோகத்தர் என்றும் நாம் வழங்குவோர் இவரே.

இக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், நான்கு உறுப்புக்களையும் தனித்தனி நான்காக வகுத்துக் காட்டுவர். உழைச்செல்வானுக்கு வேண்டுவனவாக அவர் கூறுபவை: நோயாளன்மாட்டு அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு. இவ்வுரையை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பிலே சொல்லி வருகின்றேன். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றற்கொன்று பக்கத்தில் நிற்பதிலுள்ள நுட்பத்தை நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. சொல்லியதைச் செய்யும் வன்மை ஒருபுறம். சொல்லப்படாததையும் தானே கண்டு தெளியும் அறிவு மறுபுறம். இவை இரண்டும் எப்போதும் ஒரே திசையிற் செல்லுமா? இக்கேள்வியை எனக்கு எழுப்பியவர் என் மாணவர் ஒருவர்.

கண்டதும் சொல்லாததும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னேரம், என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். தாதியர் பயிற்சியை முடித்து, வேறொரு மாகாணத்திலே வைத்தியசாலையொன்றிற் கடமையேற்று அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. கொடுத்த தேநீர் ஆறும்வரை ஒன்றும் பேசாதிருந்தார். பின்னர் மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

ஓரிரவு, முப்பதுக்கு மேற்பட்ட நோயாளர் கிடந்த விடுதியிலே அவரும் இன்னொருவருமே கடமையில் இருந்தனர். சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த முதியவர் ஒருவரின் மூச்சு, நள்ளிரவுக்குப் பின் விரைவுபட்டது, நாடித்துடிப்பும் ஏறியது. மாணவர் அதனைக் கண்டார். அவதானிப்புத் தாளிலே ஒரு மணிக்கு எழுதினார். இரண்டு மணிக்கு எழுதினார். மூன்று மணிக்கும் எழுதினார். எண்கள் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே சென்றன. ஆயினும் வைத்தியரை அவர் அழைக்கவில்லை. முன்னொரு நாள், "இதற்கெல்லாமா என்னை எழுப்புகிறீர்?" என்று பலர் முன்னிலையில் வாங்கிய ஏச்சு அவரைத் தடுத்தது. காலையிற் சுற்றுக்கு வந்த வைத்தியர் அத்தாளைக் கையில் எடுத்தபோது காலம் கடந்துவிட்டது. முதியவர் அன்று நண்பகலுக்கு முன் காலமானார்.

"ஐயா, நான் கண்டேன், எழுதினேன், சொல்லவில்லை" என்றார் மாணவர்.

அவருக்கு ஆறுதல் கூறுதற்கு வாயெடுத்தேன், சொல் வரவில்லை. ஏனெனில், அவர் கல்லூரியை விட்டு நீங்கியபோது நான் எழுதிக்கொடுத்த நற்சான்றிதழ் என் நினைவுக்கு வந்தது. "அமைதியும் கீழ்ப்படிவும் மிக்கவர், ஆசிரியர் சொல்லை ஒருபோதும் மறுத்து அறியாதவர்" என்று புகழ்ந்திருந்தேன். அன்பும் தூய்மையும் அவரிடம் இயல்பாகவே இருந்தன. சொல்லியதைச் செய்யும் வன்மையை நாம் ஊட்டினோம். நான்காவதாகிய அறிவு, அதாவது தானே துணிந்து தன் கருத்தைச் சொல்லி, பிறரையும் செயலிற் புகுத்தும் அறிவு, அவருக்கு வாய்க்க நாம் என்ன செய்தோம்? அவ்வறிவையே இக்காலத்தார் தலைமைத் திறன் என்பர். அது தாதியரிடத்தே எவ்வாறு வளரும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைமை என்பது யாது?

தலைமை என்றவுடன் நம் மனக்கண்முன் வருவது ஒரு கதிரையும் அதன்மேல் அமர்ந்த ஒருவரும் ஆகும். தாதியர் உலகிலும் இவ்வெண்ணம் வேரூன்றியுள்ளது. விடுதிக்குப் பொறுப்பான தாதிய சகோதரி, முன்னாளில் மேற்றன் எனப்பட்ட பிரதான தாதிய உத்தியோகத்தர் ஆகியோரே தலைவர்; ஏனையோர் ஏவல் கேட்போர் என்பது பொதுக்கருத்து. பதவி வேறு, தலைமை வேறு. பதவியை ஒரு கடிதத்தினால் வழங்கலாம். தலைமையோ பழக்கத்தினால் வருவது. இரவு மூன்று மணிக்கு நோயாளியின் கட்டிலருகே கடிதம் பெற்றவர் எவரும் நிற்பதில்லை. அங்கே நிற்பவர் பெரும்பாலும் அவ்விடுதியின் மிக இளைய தாதியே. அந்நேரத்தில் வேண்டப்படும் தலைமை அவரிடத்தே இல்லையாயின் வேறெங்கும் இல்லை.

தாதியரின் தலைமைத் திறனை மூன்று படிகளாக வகுத்துக் காணலாம். நோயாளியிடத்து நிகழும் மாற்றத்தைக் கண்டு அதன் பொருளை உணர்தல் முதற்படி. உணர்ந்ததை உரியவரிடத்து உரிய நேரத்தில் அச்சமின்றி எடுத்துச்சொல்லிச் செயலாக்குதல் இரண்டாம் படி. தான் இல்லாத வேளையிலும் அந்நற்செயல் தவறாது நிகழுமாறு ஒழுங்கு செய்தல் மூன்றாம் படி. என் மாணவர் முதற்படியில் நின்றுவிட்டார். மூன்றாம் படியை உலகுக்கு உணர்த்தியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார்.

விளக்கேந்திய கையும் கணக்கெழுதிய கையும்

அம்மையாரை விளக்கேந்திய மங்கையாகவே நம் பாடப்புத்தகங்கள் காட்டின. கிறிமியப் போரின்போது, 1854 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்த அவர், இரவிலே விளக்கோடு நோயாளரைச் சுற்றிவந்தது உண்மையே. ஆயினும் அவ்விளக்கு மட்டும் உயிர்களைக் காத்துவிடவில்லை. அவர் வந்தபின்னரும் அங்கே சாவு குறையாது பெருகியது. 1855 பெப்ரவரியில் நூற்றுக்கு 40 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே சுகாதார ஆணைக்குழு ஒன்று வந்து, கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கி, குடிநீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்தது. யூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

இவ்வனுபவத்தினின்றும் அம்மையார் கற்ற பாடமே அவரைத் தலைவர் ஆக்கியது. நோயாளியின் நெற்றியைத் துடைக்கும் அன்பு வேண்டும். அத்துடன் சாக்கடையைத் திருத்தச் செய்யும் ஆற்றலும் வேண்டும் என்று அவர் கண்டார். நாடு திரும்பியபின் இறப்புக் கணக்குகளைத் திரட்டி, 1858 இல் வட்ட வடிவான வரைபடங்களாக அமைத்து, போரிற் பட்ட காயத்தினும் தடுக்கக்கூடிய தொற்றுநோயே வீரரை மிகுதியாகக் கொன்றது என்பதை ஆட்சியாளர் கண்முன் நிறுத்தினார். புள்ளிவிபரச் சங்கத்திலே உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட முதற் பெண்மணியும் அவரே. 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பயிற்சிப் பாடசாலை அவர் பெயரால் தொடங்கிற்று. அங்கே பயின்றோர் பிற வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பாளராகச் சென்றனர். 1868 இல் லூசி ஒஸ்பேண் என்பவர் ஐந்து தாதியருடன் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்று பணிதொடங்கியமை அவற்றுள் ஒன்று.

தாதிமை பற்றி அம்மையார் எழுதிய நூலிலே சிறு நிர்வாகம் குறித்து ஓர் இயல் உண்டு. அதன் சாரம் நாம் மேலே கூறிய மூன்றாம் படியே. பொறுப்பில் இருப்பவர், எல்லாவற்றையும் தானே செய்துமுடிப்பது எப்படி என்று வினவுதல் கூடாது. தான் இல்லாதபோதும் அவை நடைபெறச் செய்வது எப்படி என்று வினவுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனைப் படிக்கும்போது தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரம் நினைவுக்கு வருகின்றது. இவ்வினையை இக்கருவியால் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து, பின் அதனை அவனிடத்தே விட்டுவிடவேண்டும் என்று வள்ளுவர் அரசனுக்குக் கூறினார். ஆராய்தலும் வேண்டும்; ஆராய்ந்தபின் விடுதலும் வேண்டும். ஆராயாது விடுதல் கைகழுவுதல். ஆராய்ந்தும் விடாதிருத்தல் ஐயுறவு. இரண்டினாலும் ஒருவர் வளரார்.

கட்டிலை விட்டகன்ற தலைமை

நம் நாட்டு வைத்தியசாலைகளின் விடுதி, சகோதரி, மேற்றன் முதலிய அமைப்புக்கள் பிரித்தானியர் ஆட்சியிலே வந்தவை. ஆதலின் அவ்வமைப்பு அதன் பிறப்பிடத்தில் அடைந்த ஏற்றத்தாழ்வுகளை அறிதல் நமக்குப் பயனுடையது.

ஐக்கிய இராச்சியத்தின் தேசிய சுகாதார சேவை 1948 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே தொடங்கிற்று. 1966 இல் சல்மன் குழு, மூத்த தாதியருக்குப் பத்துப் படிகள் வரையில் எண்ணிடப்பட்ட பதவிநிரலை விதந்துரைத்தது. தாதியர் ஆட்சிக்குழுக்களில் இடம்பெறவும் நிர்வாகப் பயிற்சி பெறவும் அது வழிகாட்டியது நன்மையே. ஆயினும் அதனோடு ஒரு தீமையும் புகுந்தது. திறமையுள்ள தாதி உயர்வு பெறவேண்டுமாயின் நோயாளியின் கட்டிலை விட்டு அலுவலக மேசைக்குச் செல்லவேண்டும் என்ற நிலை உறுதிப்பட்டது. 1983 இல் கிறிபித்ஸ் அறிக்கை பொது முகாமையாளரைப் புகுத்தியபோது, அம்மேசையிலும் தாதியரின் குரல் பல இடங்களில் ஒடுங்கியது. பொதுமக்கள், விடுதிகளிலே எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் பொறுப்பாக இல்லையே என்று குறைபட்டனர். 2000 ஆம் ஆண்டின் சுகாதார சேவைத் திட்டம் மேற்றன் பதவியைப் புதிய வடிவிலே மீண்டும் கொண்டுவர இசைந்தது.

இவ்வளவும் நடந்தபின்னும், ஸ்ரபோட் நகரின் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நிகழ்ந்தவை அந்நாட்டையே தலைகுனியச் செய்தன. நோயாளர் அழுக்கடைந்த படுக்கையிற் கிடந்தனர். உணவும் நீரும் கைக்கெட்டாத தூரத்தில் வைக்கப்பட்டிருந்தன. குறையை எடுத்துரைத்த ஊழியர் அச்சுறுத்தலுக்கு உள்ளாயினர். றொபேட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பெப்ரவரியில் 290 விதப்புரைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. விடுதிப் பொறுப்பாளர் அலுவலகத்தில் அடைந்து கிடத்தலாகாது; குறித்த நோயாளரைப் பராமரிக்கும் பங்கு அவர்மேற் சுமத்தப்படாது, மேற்பார்வைக்கும் இளையோருக்கு வழிகாட்டுதற்கும் அவருடைய நேரம் விடப்படல் வேண்டும் என்பது அது. தலைமை நோயாளியின் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்பதை, பெரும் விலை கொடுத்து அந்நாடு மீண்டும் கற்றது. உழைச்செல்வான் என்னும் சொல்லிலேயே அப்பாடம் அடங்கியிருக்கின்றது.

நமது நாட்டிலே

நம் நாட்டில் இத்தகைய தலைமைக்கு முன்மாதிரி இல்லையென எண்ணுதல் தவறு. 1926 ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்வமைப்பு நாடெங்கும் பரவியது. சில ஆயிரம் மக்கள் வாழும் பிரிவுக்கு ஒருவராக, குடும்பநல உத்தியோகத்தர் என நாம் அழைக்கும் மருத்துவமாது வீடுவீடாகச் செல்கின்றார். கருவுற்ற தாய்மாரைப் பதிவுசெய்கின்றார். ஆபத்தின் அறிகுறியைக் கண்டவுடன் வைத்தியசாலைக்கு அனுப்புகின்றார். தாதியப் பயிற்சியும் பொதுச் சுகாதாரப் பயிற்சியும் பெற்ற பொதுச் சுகாதார தாதிய சகோதரி, அவருக்கு மேற்பார்வையாளராகவும் வழிகாட்டியாகவும் நிற்கின்றார். சுகாதார வைத்திய அதிகாரி இவ்விருவருக்கும் தலைவராயினும், ஒழுங்கையின் கடைசி வீட்டுத் திண்ணையிலே முடிவெடுப்பவர் அம்மருத்துவமாதே.

இதன் பயனைக் கணக்கிலே காணலாம். 1930 களின் முற்பகுதியில் இலங்கையிலே உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 2,000 இற்கும் மேற்பட்ட தாய்மார் மகப்பேற்றுக் காரணங்களால் இறந்தனர். 2010 களில் அத்தொகை 40 இற்கும் கீழே வந்தது. இலவச வைத்தியமும், பெண்கல்வியும், மலேரியா ஒழிப்பும், வீதி வசதியும், வைத்தியரின் திறமையும் இதற்குக் காரணமாயின. அவற்றோடு, மிகக் கீழ்ப்படியில் நின்ற ஊழியருக்குப் பொறுப்பையும் அப்பொறுப்புக்குரிய அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்த ஒழுங்கும் ஒரு காரணமாயிற்று. ஒரு தாய் இறப்பின் அவ்விறப்பு ஆராயப்படுகின்றது. எங்கே தாமதம் நேர்ந்தது, எதனை மாற்றினால் இன்னொரு தாய் பிழைப்பாள் என்பதே அவ்வாராய்ச்சி தேடவேண்டிய விடை. யார் குற்றவாளி என்பதை மட்டும் தேடும் இடத்தில் உண்மை ஒளிந்துகொள்ளும்.

வைத்தியசாலையின் உள்ளேயும் ஓர் உதாரணம் உண்டு. கொழும்பிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, 2000 ஆம் ஆண்டளவில் யப்பானியரின் ஐந்து படிகள் கொண்ட ஒழுங்குமுறையைக் கைக்கொண்டது. வேண்டாததை நீக்கல், வேண்டியதை இடமறிந்து வைத்தல், துப்புரவு, நியமப்படுத்தல், இடைவிடாது பேணல் என்பன அப்படிகள். இதற்காகப் பிரிவுகள்தோறும் சிறு குழுக்கள் அமைந்தன. தாதியரும் சிற்றூழியரும் அக்குழுக்களிலே தாமே குறையைக் கண்டு தாமே தீர்வு கூறினர். பின்னாளில் ஆபிரிக்க நாடுகள் பல இம்முறையைக் கற்றன. அலுமாரியைத் திருத்துவது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆயின், தன் சொல்லினால் ஓர் அலுமாரி மாறியதைக் கண்டவருக்கு, நாளை ஒரு பெருங்குறையைச் சொல்வதற்கும் துணிவு பிறக்கும்.

எவ்வாறு வளர்த்தல்?

தலைமைத் திறன் பிறவிக்குணம் என்று கூறி வாளாவிருத்தல் ஆகாது. இலண்டனிலுள்ள தாதியர் அரச கல்லூரி 1990 களின் நடுப்பகுதியில் தொடங்கிய பயிற்சித் திட்டத்திலே, விடுதிப் பொறுப்பாளர் தம் விடுதியின் பராமரிப்பைத் தாமே ஓரமாக இருந்து அவதானித்தனர். நோயாளரிடம் அவர்தம் கதையைக் கேட்டறிந்தனர். தம்மைப்பற்றி மேலோரும் ஒத்தோரும் கீழோரும் கூறும் கருத்தைப் பெற்றனர். சிறு குழுவாகக் கூடித் தம் சிக்கல்களை ஆராய்ந்தனர். வகுப்பறை விரிவுரையினும் இவை ஆழமாகப் பதிவன. பெருஞ்செலவின்றி நம் விடுதிகளிலும் செய்யத்தக்கவை சிலவற்றை ஈண்டுக் கூறுவேன்.

முதலாவது, சொல்லும் முறையைப் பழக்குதல். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலே வழங்கிய ஒரு முறையை, 2000 ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டு வைத்தியசாலைகள் ஏற்றன. செய்தியை நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என நான்காகப் பகுத்துச் சொல்லுதலே அம்முறை. "டொக்டர், பன்னிரண்டாம் கட்டிலில் உள்ளவரின் மூச்சு நிமிடத்துக்கு 32 ஆக இருக்கிறது. இவருக்கு நேற்று முன்தினம் வயிற்றிலே சத்திரசிகிச்சை நடந்தது. மாலையில் மூச்சு 18 தான். நோய் கடுமையாகிறது என நினைக்கிறேன். இப்போதே வந்து பார்க்கவேண்டும்." இவ்வளவே. அரை நிமிடமும் செல்லாது. அச்சத்தால் நாத்தடுமாறும் இளைய தாதிக்கு இந்நான்கு சொற்களும் நான்கு ஊன்றுகோல்கள். இறுதியான வேண்டுகோளே பெரும்பாலும் விடுபடுவது. நோயின் நிலையைக் கூறிவிட்டு, வாருங்கள் என்று கூறாது நிறுத்துதல் நமது மரியாதை. அம்மரியாதை சில வேளைகளில் உயிரையே வாங்கும்.

இரண்டாவது, கேட்கும் முறையைப் பழக்குதல். தாதி பேசக் கற்றாற் போதாது. வைத்தியர் கேட்கவும் கற்கவேண்டும். நம் கல்லூரியினின்றும் மருத்துவராகச் சென்ற பழைய மாணவர் பலர் இவ்விதழைப் படிப்பர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நள்ளிரவிலே வந்த அழைப்பு தேவையற்றதாக முடிந்தாலும், அழைத்தவருக்கு நன்றி கூறுங்கள். அன்று நீங்கள் ஏசினால் அவ்வொருவர் மட்டும் அடங்கமாட்டார். அவ்விடுதியே வாயடைத்துப் போகும்.

மூன்றாவது, பொறுப்பைப் படிப்படியாக விடுதல். கடமை மாறும் வேளையிலே நோயாளர் நிலையைக் கையளிக்கும் உரையை எப்போதும் மூத்தவரே கூறவேண்டியதில்லை. இளையவர் கூற மூத்தவர் திருத்தலாம். ஒரு மாதம் படுக்கைப் புண்களின் கணக்கை ஒருவர் எடுக்கட்டும். கைகழுவும் ஒழுங்கை இன்னொருவர் கவனிக்கட்டும். கணக்கெடுத்தவரே அதனைக் கூட்டத்திலே எடுத்துரைக்கட்டும். நைற்றிங்கேல் அம்மையாரின் படைக்கலம் கணக்கே என்பதை மறவற்க.

நான்காவது, தவற்றைப் பேச இடமளித்தல். தவறு செய்தவரை வெட்கப்படுத்தும் விடுதியிலே தவறு குறைவதில்லை, மறைக்கப்படுகின்றது. வேண்டுமென்று செய்த குற்றம் வேறு, ஒழுங்கின் குறையினால் நேர்ந்த பிழை வேறு என்று பகுத்தறிதல் தலைவரின் கடன்.

ஐந்தாவது, மேலிடத்திலே இருக்கை. உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023 இல் உலகிலே 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்தனர். தாதியரின் தலைமைத்திறனை வளர்க்கும் முயற்சிகள், விபரமளித்த நாடுகளுள் நூற்றுக்கு 66 இல் இருந்தன. வருமானம் குறைந்த நாடுகளிலோ நூற்றுக்கு 25 இல் மட்டுமே. சுகாதார சேவையின் மிகப்பெரிய பகுதியினரான இவர்கள், திட்டம் வகுக்கும் மேசையிலே இல்லையாயின், அத்திட்டம் கட்டிலருகே வந்து தடுமாறும்.

இவற்றின் தேவை முன்னைய காலத்தினும் இன்று கூடியுள்ளது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் வைத்தியரும் தாதியரும் பலர் கடல்கடந்து சென்றனர். எஞ்சியோரின் சுமை பெருகியது. இளையோர் முன்னையிலும் விரைவாகப் பொறுப்பேற்க நேர்ந்தது. தலைமைப் பயிற்சி மட்டும் ஆட்குறையை நிரப்பாது என்பதையும் சொல்லவேண்டும். இருவர் செய்யவேண்டியதை ஒருவர் தலையிற் கட்டிவிட்டு, அதற்குத் தலைமை என்று பெயரிடுதல் ஏமாற்றேயாகும்.

பக்கத்தே நின்றவர்

என் மாணவர் வந்துபோன சில காலத்தின் பின், என் தாயார் நோயுற்று ஒரு வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்டார். இரண்டாம் இரவு, விடுதியின் வெளிவிறாந்தையில் நான் இருந்தேன். தாயாரின் சிறுநீர் குறைந்ததையும் மூச்சின் மாற்றத்தையும் இளம் தாதி ஒருவர் கண்டு, தொலைபேசியருகே சென்று, கையை நீட்டுவதும் எடுப்பதுமாக நின்றார். அப்பால் நின்ற மூத்த தாதிய சகோதரி அதனைக் கவனித்து அருகே வந்தார். அவரே பேசிவிடுவார் என்று நான் எண்ணினேன். அவர் பேசவில்லை. அவதானிப்புத் தாளை எடுத்து இளையவரின் கையிலே கொடுத்தார்.

"நீர் கண்டதை நீரே சொல்லும், பிள்ளை. நான் பக்கத்திலே நிற்கிறேன்" என்றார்.

இளையவர் முதலில் தடுமாறினார். பின் எண்களை வாசித்தார். இறுதியிலே, "டொக்டர், இப்போது வரவேண்டும்" என்று தெளிவாகச் சொன்னார். வைத்தியர் வந்தார். வைத்தியம் உடனே தொடங்கிற்று. என் தாயார் பத்தாம் நாள் வீடு திரும்பினார்.

தொலைபேசியைத் தாமே எடுத்திருந்தால் அச்சகோதரி அன்றிரவு ஒரு நோயாளிக்கு உதவியிருப்பார். எடுக்காது நின்றமையால், அவ்விளம் தாதி இனிப் பணிசெய்யும் இரவுகளுக்கெல்லாம் உதவினார். உழைச்செல்வார்க்கும் ஓர் உழைச்செல்வார் வேண்டும். அவரே தாதியருக்கு உண்மையான தலைவர்.

என் மாணவர் இன்றும் அப்பணியிலேயே இருக்கின்றார். அண்மையில் எழுதிய கடிதத்திலே, தம் விடுதிக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் இரவிலேயே ஒன்று சொல்வதாகக் குறிப்பிட்டிருந்தார்: "ஐயம் தோன்றினால் என்னை எழுப்புங்கள், பிழையாக எழுப்பினாலும் ஏசமாட்டேன்." அந்த முதியவரை அவர் மறக்கவில்லை என்பது அதனால் விளங்கிற்று.

கல்லூரி அன்னை விழாக்காணும் இவ்வேளையிலே, ஆசிரியனாகிய நான் எனக்கே சொல்லிக்கொள்வது ஒன்றுண்டு. வகுப்பிலே கையுயர்த்தி, "ஐயா, அது அப்படியன்று" என்று பணிவோடு மறுக்கும் மாணவனை இனி அடக்கேன். அவன் கைக்கு நாளை ஓர் உயிர் வரக்கூடும். நற்சான்றிதழ் எழுதும்போதும், கீழ்ப்படிவுள்ளவர் என்று எழுதிய பின், கண்டதைச் சொல்லும் துணிவும் உள்ளவர் என்று எழுத இடமுண்டா என ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன். மாணவமணிகளே, அவ்வரியை எழுதும் வாய்ப்பை எங்களுக்குத் தாருங்கள்.